வொய்-வொய் தாள்

அம்பத்தூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒரு பாகம் பழுதாக வந்தால் 'வொய்-வொய்' தாளை எடுப்போம். ஐந்து கட்டங்கள். ஐந்து முறை 'ஏன்' கேட்டால் மூல காரணம் பிடிபட்டுவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. பிடிபடாவிட்டால், கடைசிக் கட்டத்தில் 'ஆபரேட்டரின் அலட்சியம்' என்று எழுதிக் கதையை முடித்துவிடுவோம். அப்படி எத்தனை பேர் தலையில் பழியைக் கட்டியிருக்கிறேனோ.

குழந்தைக்கு எட்டு மாதமானபோது என் மனைவி, திருவேற்காட்டு வீட்டில், பகலெல்லாம் படுத்தே கிடந்தாள். தலை சீவுவதில்லை. குழந்தை அழுதால் சுவரைப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை, சண்டை இல்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லவே கூசுகிறது, அந்தத் தாளோடு அவள் முன் உட்கார்ந்தேன்.

"ஏன் எழுந்திரிக்கல?"

"உடம்பே பாரமா கீதுங்க."

"ஏன் பாரம்?"

"தூக்கமே வர்ல."

"ஏன் வரல?"

"இன்னாத்தையோ நெனச்சிகினே கீறேன்."

"ஏன்?"

"தெரியலயே. தெரிஞ்சா சொல்ல மாட்டனா?"

ஐந்தாவது கட்டம் மிச்சமிருந்தது. காலியாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. 'சோம்பல்' என்று எழுதி அவள் கையில் கொடுத்தேன். படித்தாள், மடித்து வைத்துக்கொண்டாள், எழுந்து போய்க் குழந்தையைக் குளிப்பாட்டினாள். பலித்துவிட்டதென்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்தபடி, "நான் இல்லாங்காட்டி நீங்க ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்க" என்றாள். அன்றைக்கே பூந்தமல்லியில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மாள் ஒரு மணி நேரம் அவளோடு பேசினார்.

"மூல காரணம் என்ன டாக்டர்?" என்றேன். புத்தி மாறவில்லை.

"ஒண்ணை மட்டும் கை காட்ட முடியாது சார். பிரசவத்துக்கு அப்புறம் உடம்புல வர்ற மாற்றம், மாசக்கணக்கா கெட்டுப்போன தூக்கம், அவங்க அப்பா இறந்தது, நாள் பூரா பேச்சுத்துணை இல்லாத வீடு. எல்லாம் சேர்ந்திருக்கும். இது வியாதி, குணமாகும். அவங்க தப்பு இல்ல."

பிறகு அவளிடம் திரும்பி, "உங்களுக்கு எதனாலன்னு தோணுதும்மா?" என்று கேட்டார்.

அவள் கைப்பையைத் திறந்து, மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்த அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"சோம்பல் டாக்டர். இதுல எழுதியே கீது."

டாக்டர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். தாளின் அடியில், 'தயாரித்தவர்' என்ற இடத்தில், தொழிற்சாலைப் பழக்கத்தில் நான் கையெழுத்தும் போட்டிருந்தேன்.