துப்பாக்கி துடைத்த துணி

ஊரூர் குப்பத்தில் பிறந்தும் பாரத்துக்குக் கடல் ஒத்துவரவில்லை. படகு ஏறினாலே குடல் வாய்க்கு வந்துவிடும். அப்பா திட்டித் தீர்த்துக் கரையிலேயே விட்டுவிட்டார். அதனால், அடையாறில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் வேலை கிடைத்த அன்று, அவன் மனைவி ரோஸி பெசன்ட் நகர் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். ஏசி போட்ட அறை, உட்கார்ந்து செய்கிற வேலை, வேறென்ன வேண்டும்?

தரைக்குக் கீழே ஜன்னலே இல்லாத கூடத்தில் உறுப்பினர்கள் சுடுவார்கள். சுட்டு முடித்ததும் கிளப்பின் ரிவால்வர்கள் பாரத்தின் மேசைக்கு வரும். முதலில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளும் காலிதானா என்று கண்ணால் பார்ப்பான், விரலாலும் தடவிப் பார்ப்பான். எண்ணெயில் நனைத்த பித்தளை பிரஷ்ஷைக் குழலுக்குள் விட்டு இழுப்பான். கொஞ்சம் ஊறவிட்டுத் துணித்துண்டுகளை ஒவ்வொன்றாகச் செலுத்துவான். கறுப்பாக வருவது சாம்பல் நிறமாகி, கடைசியில் வெள்ளையாகவே வெளியே வரும். சிலிண்டரின் முகப்பில் குண்டு விட்டுப்போன ஈயம் அப்பியிருக்கும். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். அப்புறம் மெல்லிசாக எண்ணெய் பூசி, மிச்சத்தை ஒற்றியெடுத்துப் பெட்டியில் வைப்பான். மேசையில் உதிர்ந்த தூளை ஊதித் தள்ளிவிட்டு அங்கேயே டிபன் பாக்ஸைத் திறப்பான்.

"பாரத் தொடச்சா பொட்டு அழுக்கு இருக்காது" என்பார் செயலாளர் சந்திரமௌலி. அழுக்கான துடைப்புத் துணிகளை அவன் வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைக்கக் கொடுத்து, மறுபடி கொண்டு வருவான். யாரும் சொல்லவில்லை, அவனாகவேதான் செய்தான்.

வீட்டு வாசலில் மகள் மெர்லின் காத்திருப்பாள். சட்டையைப் பிடித்து ஏறி, நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் அடங்குவாள். காக்கா என்பாள், மீனு என்பாள், அம்மாவைப் பார்த்து ரோஸி என்றே கூப்பிடுவாள். மூன்று வயதானபோது பேச்சு வளர வேண்டிய இடத்தில் குறைந்தது. முதலில் காக்கா போனது. பிறகு மீனு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள், தட்டைத் தள்ளுவாள், தூக்க வந்தவர்களைக் கடிப்பாள். "எதையோ பார்த்து பயந்துகினு கீது, மந்திரிச்சிடு" என்றார்கள் அக்கம்பக்கத்தில். மந்திரித்தார்கள். மாதாவுக்கும் நேர்ந்துகொண்டார்கள்.

கடைசியில் ராயப்பேட்டையில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஹம்சாவிடம் போனார்கள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "குழந்தை ஒடம்புல ஈயம் ரொம்ப இருக்கு, அது மூளைக்கு வெஷம். பக்கத்துல எங்கயாவது பழைய பேட்டரி ஒடைக்கறாங்களா?"

"இல்ல மேடம்."

"நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"துப்பாக்கி தொடைக்கிறேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வேலை முடிஞ்சதும் சட்டையை மாத்துவீங்களா?"

"இல்ல மேடம். அதோடதான் பாப்பாவத் தூக்குவேன்."

"தொடைக்கற துணியெல்லாம்?"

"நான்தான் தொவைப்பேன்" என்றாள் ரோஸி. "பாப்பா துணியோட சேத்து."

மருந்து கொடுத்தால் ரத்தத்தில் இருக்கும் ஈயம் இறங்கும் என்றார் டாக்டர். மூளையில் ஏற்கெனவே ஆனதை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அன்று ரோஸி வாளி, பாய், தலையணை எல்லாவற்றையும் தூக்கி வெளியே எறிந்தாள். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவனுக்கு.

மறுநாள் சந்திரமௌலியைப் பார்த்து விஷயத்தைச் சொன்னான். "நாங்களும் இத்தன வருஷமா சுடறோம், எங்காத்துல யாருக்கும் ஒண்ணும் வரலியேப்பா" என்றார் அவர்.

"நீங்க ஞாயித்துக்கெழம வந்து சுட்டுட்டுப் பூடுறீங்க சார். நான் அந்தத் தூள்லயே குந்திகினு இருந்தேன்."

அவர் முகம் வாடியது உண்மைதான். காற்று வெளியேற்றும் மிஷின் வைக்கக் கமிட்டியில் பேசுவதாகச் சொன்னார். பாரத் வேலையை விட்டான். மிஷின் வரவில்லை, அவன் இடத்துக்குத் தௌசீஃப் என்ற இளைஞன் வந்தான்.

அவனை டீக்கடையில் பிடித்துப் பாரத் எல்லாவற்றையும் சொன்னான். "சோப்பு போட்டுக் கை கழுவு. சட்டைய அங்கியே கழட்டிட்டுப் போ. வூட்ல கொழந்த கீதா?"

"சம்சாரம் மாசமா கீதுண்ணா."

"அப்ப வேணாம் தௌசீஃப். வேற வேல பாரு."

"எங்கண்ணா பாக்கறது?" என்றான் தௌசீஃப். டீ ஆறிப்போயிற்று.

சில மாதம் கழித்து மெர்லினின் ரத்தத்தில் ஈயம் நன்றாகக் குறைந்திருந்தது. ரோஸி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எறங்கிட்ச்சில்ல மேடம், இனிமே பேசுவாளா?" டாக்டர் தன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை.

இப்போது மெர்லின் மந்தைவெளியில் ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போகிறாள். காலையில் ரோஸி மீன் எடுக்கப் போய்விடுவதால் பாரத்தான் பஸ்ஸில் கூட்டிப் போகிறான். ஒருநாள் பக்கத்து சீட்டு அம்மாள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "கண்ணு, உன் பேர் இன்னா?" என்று கேட்டாள். மெர்லின் முன்சீட்டுக் கம்பியை நக்கிக்கொண்டிருந்தாள். பாரத் அவள் முகத்தை மெல்லத் திருப்பி வாயைத் துடைத்தான்.

"மெர்லின்" என்றான்.

"அத்து பேசாதா?"

"பேசிகினு இருந்துச்சு" என்றான் பாரத். இறங்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து படிக்கட்டருகே போய் நின்றான்.