மாப்பிள்ளையின் சட்டை

சாய்ந்தமருதுக் கடற்கரையில் விடியற்காலை மீன் ஏலம் கூறுகிறவர்களில் அஸீமுடைய குரல்தான் பெரியது. தோணி கரை தட்டும்போதே தொடங்கிவிடுவான். பாரையோ சூரையோ, அவன் கூறினால் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவனும் ஒரு கூறு மீனோடுதான் வீட்டுக்குப் போவான். ஒருமுறை காய்ச்சலில் அவன் வராமல் விட, கடற்கரை பெருநாளுக்கு மறுநாள் மாதிரி வெறிச்சென்று கிடந்ததாம்.

வீட்டுக்கு வந்தால் அதே அஸீமுக்கு வாயே கிடையாது. வெளியில் புலி, வீட்டில் எலி என்பார்களே, அந்த இனம். அதற்குக் காரணம் பெண்சாதி அல்ல. முனவ்வறா பாவம், அதட்டத் தெரியாத பிள்ளை. காரணம் மாமி.

இந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய அஸீமை மூன்று வருடமாக மரியாதை என்ற கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார்கள். மாமி சுஹறா பழைய ஆள். மருமகனுக்கு முன்னால் முக்காடு விலகாது, நேருக்கு நேர் ஒரு வார்த்தை வராது. "மாப்பிளைக்கு இன்னங் கொஞ்சம் சோறு வேணுமா எண்டு கேளு புள்ள" என்று மகளிடம் சொல்வார், அவனுடைய காதில் நன்றாக விழும்படி. "போதும் எண்டு சொல்லு" என்று அவனும் மனைவியிடம் சொல்வான். நடுவில் இருக்கிற முனவ்வறா இரண்டு பக்கமும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

இந்தக் காலத்தில் பல வீடுகளில் இதையெல்லாம் விட்டுவிட்டார்கள். இவர்கள் விடவில்லை. சித்திரை வெயிலில் ஓடு கொதித்தாலும் அஸீம் சட்டையைக் கழற்ற மாட்டான். மாமிக்கு முன்னால் வெறும் மேலோடு நிற்பதைவிடக் கடலில் குதித்துவிடலாம் என்பது அவனுடைய கொள்கை.

இப்படிப்பட்டவனுக்குத்தான் அல்லாஹ் நுஸ்ரத் என்ற மகளைக் கொடுத்தான்.

முனவ்வறாவுக்குப் பிரஷர் ஏறி, நாள் நிறையும் முன்பே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண்பிள்ளை. நிறை ஒன்றே முக்கால் கிலோவும் இல்லை. தினமும் அதைவிடப் பெரிய மீனை ஒற்றைக் கையால் தூக்கி எறிகிறவன், பிள்ளையைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். விட்டால்தானே? ஆஸ்பத்திரித் தாதி மிஸ் அவனை ஒரு கதிரையில் உட்கார வைத்தார். சட்டையைக் கழற்றச் சொன்னார். நப்பியும் தொப்பியும் காலுறையும் மட்டும் போட்ட பிள்ளையை அவனுடைய வெறும் நெஞ்சில் தவளை மாதிரி ஒட்டவைத்து, மேலே துணியால் சுற்றிக் கட்டினார்.

"இதுதான் கங்காரு முறை. ஒங்கட நெஞ்சுச் சூடுதான் இவவுக்கு மருந்து. தாயும் நீங்களும் மாறி மாறி வெச்சிருங்க" என்றார்.

பிள்ளை ஒரு தரம் முனகிவிட்டு உறங்கிப்போனது. அஸீம் அழுதான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் அழுதான், ஆனால் அந்த ஆஸ்பத்திரி வாட்டே பார்த்தது.

அப்படி வைத்திருந்து வைத்திருந்து நிறை கொஞ்சம் ஏறியதும் வீட்டுக்கு விட்டார்கள். ஒரு நிபந்தனையோடுதான். வீட்டிலும் இப்படியே நெஞ்சில் வைத்திருக்க வேண்டும். ஏழு நாள் கழித்து, அடுத்த கிழமை, மருத்துவமாது வீட்டுக்கு வந்து நிறுப்பார். நிறை குறைந்திருந்தால் திரும்பவும் ஆஸ்பத்திரிதான்.

அது மாரிகாலம். கடல் கொந்தளித்துக் கிடந்தது, தோணிகள் கரையில் கிடந்தன, அஸீமும் வீட்டில் கிடந்தான். முனவ்வறாவுக்குக் காயத்தில் நோவும் தலைச்சுற்றலும். இராத்திரியில் அவள் பிள்ளையை வைத்திருப்பாள். பகலில் பால் கொடுத்துவிட்டுச் சுருண்டு படுத்தால் எழும்ப மாட்டாள். பகல் முழுக்க அஸீமுடைய பொறுப்பு.

அறைக்குக் கதவு இல்லை, ஒரு திரைச்சீலைதான். அந்தச் சீலையை விலக்கிக்கொண்டு மாமி நிமிடத்துக்கொரு தரம் வந்துபோனார். மகளுக்குப் பால் ஊறச் சுறாப் புட்டு, கஞ்சி, சுடுதண்ணீர். பிள்ளையை மட்டும், மருமகன் நெஞ்சில் கிடக்கிறதென்று, தொடவே மாட்டார். பிள்ளை பார்க்க வந்த பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். அஸீம் என்ன செய்வான்? சட்டையின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டினான். பிள்ளையைச் சட்டைக்கு மேல் வைத்து, மேலே ஒரு துவாயைப் போர்த்தினான். நடுவில் ஒரு துணிதானே, சூடு அதைத் தாண்டிப் போகாதா என்று தனக்குத் தானே நியாயமும் சொல்லிக்கொண்டான்.

"மாப்பிள அடகாக்கிறாரு கா!" என்று வந்த பெண்கள் சிரித்தார்கள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு அடைகாத்தான்.

கிழமை முடிந்து மருத்துவமாது வசந்தினி வந்தார். கல்முனைக்காரி. மழைக்கோட்டு நீர் சொட்ட ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, தராசைத் தொங்கவிட்டு, பிள்ளையைத் துணித் தொட்டிலில் போட்டார். பார்த்தார். எடுத்துவிட்டுத் திரும்பவும் போட்டுப் பார்த்தார்.

"கொறஞ்சிருக்கே. ஆஸ்பத்திரியால வரக்க இருந்ததவிடக் கொறவு."

முனவ்வறா விம்மத் தொடங்கினாள். "கண்ணூறுதான் பட்டிருக்கு" என்று சீலைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது.

வசந்தினி பால் குடிப்பதைப் பார்த்தார், அதில் குறையில்லை. பிள்ளையின் பாதத்தைத் தொட்டதும் முகம் மாறியது.

"கால் குளுந்துபோய்க் கிடக்கு. பகல்ல ஆரு வெச்சிருக்கிற?"

"நான்தான் மிஸ்."

"எப்பிடி வெச்சிருக்கீங்க? ஒருக்காக் காட்டுங்க பாப்பம்."

அஸீம் பிள்ளையை வாங்கி நெஞ்சில் வைத்துத் துவாயைப் போர்த்திக் காட்டினான்.

"சேட்டோடயா?" என்றார் வசந்தினி. "தம்பி, இவட ஒடம்புல கொழுப்பெண்டு ஒண்டுமில்ல. சூடு கெடைக்காட்டி, குடிக்கிற பாலெல்லாம் குளிரத் தாங்கவே முடிஞ்சிடும். மறுகா எப்பிடி நிறை கூடுற? துணிக்கு மேல வெச்சா வெறும் தலகாணில வெச்ச மாதிரித்தான். ஏன் கழட்டல்ல?"

கடற்கரையையே அதிர வைக்கிறவன் பிள்ளை மேல் துவாயை இழுத்து இழுத்து விட்டான். தன்னுடைய வெட்கத்தைக் காப்பாற்றப் பெற்ற பிள்ளையைக் குளிரில் போட்டுவிட்டோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

முனவ்வறா அவனைப் பார்த்தாள், சீலையைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உம்மாக்கு முன்னால அவர் சேட்டுக் கழட்ட மாட்டார் மிஸ்" என்றாள் மெதுவாக.

வசந்தினி இந்த ஊர்களில் எத்தனையோ வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியவர். அவர் சிரிக்கவில்லை.

திரைச்சீலை விலகியது. சுஹறா மாமி உள்ளே வந்து மருமகனுக்கு நேரே நின்றார்.

"மகன்," என்றார். மூன்று வருடத்தில் அவனைப் பார்த்து அவர் சொன்ன முதல் சொல் அது. "சேட்டக் கழட்டுங்க. இந்தப் புள்ளைக்கு ஒண்டு நடந்திட்டா, இந்த மரியாதைய வெச்சிக்கிட்டு நான் என்ன செய்ற?"

அஸீம் அவசரமாகச் சட்டையைக் கழற்றினான். ஒரு பொத்தான் தெறித்துக் கட்டிலுக்கடியில் ஓடியது. வசந்தினி பிள்ளையை அவன் நெஞ்சில் ஒட்டவைத்துக் கட்டினார்.

"மூணு நாள் தாறன். அதுக்கும் கூடல்லயெண்டா வாட்டுதான்" என்று சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

அந்த மூன்று நாளும் அந்த வீடு கோட்டையானது. மாமி வாசல் படலையடியில் குடையோடு நின்று, வந்தவர்களையெல்லாம் "நாப்பதாம் நாளுக்கு வாங்க, ஆறுதலா இருந்து பாத்துட்டுப் போகலாம்" என்று திருப்பி அனுப்பினார். சொந்தத் தங்கச்சியையும் விடவில்லை. அவ கோபித்துக்கொண்டு போனா, போகட்டும். அறைக்குள் வெறும் மேலோடு மருமகன், பக்கத்தில் மாமி. "சோறு வேணுமா மகன்?" என்று நேராகவே கேட்டார். அஸீம் தலையைத்தான் ஆட்டினான். வாய்க்கு இன்னும் பழக்கம் வரவில்லை. முனவ்வறா போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

வசந்தினி சொன்னபடி வந்தார். தராசைத் தொங்கவிட்டதும் மாமி அங்கே நிற்க மாட்டாமல் அடுப்படிக் குசினிக்குள் போய்விட்டார். அஸீமும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இந்தப் பக்கம் திரும்புங்க தம்பி" என்றார் வசந்தினி. "கொறஞ்ச நிறையும் திரும்பி வந்திட்டு, அதுக்கு மேலயும் ஏறியிருக்கு. வாட்டு வேணாம். நல்லா நிறை வைக்குமட்டும் இப்பிடியே வெச்சிருங்க."

பிள்ளையைத் திரும்பவும் அவன் நெஞ்சில் கட்டிவிட்டு அவர் ஸ்கூட்டியில் ஏறும் முன்பே, கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு மாமி அறைக்குள் ஓடி வந்தார். மகளைப் பார்க்கவில்லை, மருமகனைத்தான் பார்த்தார்.

"என்ன மகன் சொன்னா?"

"நிறை கூடிட்டு மாமி," என்றான் அஸீம். "நம்மட புள்ள கூடிட்டு."

சொல்லும்போதே அழுதுவிட்டான். மாமியும் முக்காட்டு நுனியை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரத்தில் அவன் நெஞ்சில் கட்டியிருந்த துணியை அவிழ்க்கப் போனான்.

"நீங்க இன்னும் ஒருக்காவும் தூக்கல்ல மாமி. இந்தாங்க."

சுஹறா மாமி இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் நீட்டிய கையை அப்படியே மடக்கிக்கொண்டார்.

"வேணாம் மகன். வாப்பாட நெஞ்சுல நல்லா உறங்குறா. எழுப்பாதீங்க."