கதவருகே சொன்னது

ஏற்காடு மலையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஓ.பி.யில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். டாக்டர் ஒருவர்தான். திங்கட்கிழமை காலை பஸ் வந்து நின்றதும் வராண்டா நிறைந்துவிடும். மதியம் ஆனாலும் மேஜைமேல் நோயாளிகளின் சீட்டு அடுக்கு பாதிகூடக் குறைந்திருக்காது.

அப்படி ஒரு திங்கட்கிழமை, தலைச்சோலையிலிருந்து பாப்பாத்தி என்ற அம்மா வந்தார். எஸ்டேட்டில் காபி பறிக்கிறவர். டாக்டரிடம் முட்டி வலி என்றார். டாக்டர் குனிந்தபடியே மாத்திரை எழுதிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். வெளியே வரும்போது, கதவருகே அந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

“ஏனுங்க சிஸ்டர், செருப்பு கழண்டு போனாக்கூடத் தெரிய மாட்டேங்குதுங்க. காலு மரத்தே கெடக்குது.”

“உள்ள இருக்கறப்பவே சொல்றதுக்கென்னங்க?”

“அவரு நொம்ப அவசரமா இருந்தாருங்க.”

திரும்ப உள்ளே கூட்டிப்போனால் வரிசையில் நிற்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். “அடுத்த தடவ வர்றப்ப சொல்லுங்க” என்று அனுப்பிவிட்டேன்.

ஆறு வாரம் கழித்து வந்தார். வலது கால் கட்டைவிரல் கறுத்திருந்தது. முள் ஏறியதே தெரியவில்லையாம். சர்க்கரை பார்த்தோம், மீட்டர் எண்ணே காட்டவில்லை, அளவைத் தாண்டிவிட்டதென்று ‘ஹை’ என்று மட்டும் வந்தது.

டாக்டருக்குக் கோபம். “காலு மரத்துப்போனத யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?”

அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. “இல்லீங்க சார். நாந்தான் சொல்லாம உட்டுட்டனுங்க.”

நான் மேஜைக்கு முன்னால் வந்தேன். “என்கிட்ட சொன்னாங்க டாக்டர். நான்தான் அனுப்பிட்டேன்.”

டாக்டர், “அன்னைக்கு நானும் நிமிர்ந்து பாக்கல சிஸ்டர்” என்று சொல்லி, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் எழுதினார்.

அங்கே விரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. பிறகு மாதாமாதம் மாத்திரைக்கு வந்தார். ஒருநாள் கேட்டேவிட்டேன்: “ஏங்க என்னைக் காட்டிக் குடுக்கல?”

“மொத நாளு கதவுகிட்ட உங்க மொகத்தப் பாத்தனுங்களே சிஸ்டர். நீங்களும் நிக்க முடியாமத்தான நின்னீங்க.”

ஓ.பி.க்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிவது இதுதான். பலரும் பெரிய நோயை எழுந்து போகும்போதுதான் சொல்வார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டிப்போய் உட்காரவையுங்கள். வரிசை சத்தம் போடும், போடட்டும். அதற்குப்பின் நான் அப்படித்தான் செய்தேன். எல்லா நாளும் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.