காதுக்குள் வந்த இங்கிலீஷ்

அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வரும், எழுதவும் வரும். காதில் விழுந்தால் மட்டும் ஒன்றும் புரியாது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சரே பாடத்தைத் தமிழில்தான் நடத்தினார். கல்யாணமாகி இங்கிலீஷ் பேசும் நாட்டில் குடியேறிய பிறகு கிடைத்தது, ஒரு தமிழரின் மூக்குக்கண்ணாடிக் கடைப் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. அந்த மெஷின் போடும் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசும் தமிழே பாதிதான் கேட்கும்.

முன்னறையில் ஒரு பெண் கண் பரிசோதனை செய்வாள். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு லென்ஸாக மாற்றி, "இதுல தெளிவா, அதுல தெளிவா?" என்று கேட்பாள். மங்கலான பார்வையோடு வந்தவர்கள் முகம் மலர்ந்து எழுந்து போவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்து, நாமும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றால் என்ன என்று இவளுக்கு ஆசை வந்துவிட்டது. வயது முப்பத்தாறு. கல்லூரியில் அதற்கென்று ஒரு படிப்பு இருந்தது. நுழைவுத் தேர்வு எழுத்துத் தேர்வு என்பதால் ஊதித் தள்ளிவிட்டாள்.

முதல் நாளே மாட்டிக்கொண்டாள். வகுப்பு எந்த அறை என்று ஆபீசில் கேட்டாள். அவர்கள் சொன்னது 'ஃபிஃப்டீன்'. இவள் காதில் விழுந்தது 'ஃபிஃப்டி'. மூச்சு வாங்க மாடியேறிப் போய், ஐம்பதாம் எண் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வாத்தியார் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அது கணக்குப்பதிவியல் வகுப்பு. வாத்தியாருக்கோ அப்படி ஒரு மாணவி கிடைத்ததில் பரம திருப்தி. பாதிப் பாடத்தை இவள் முகத்தைப் பார்த்தே நடத்தினார்.

இந்தக் கதை சரியான வகுப்புக்கு அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் பெயர் தலையாட்டி.

பெயருக்கு ஏற்றபடிதான் நடந்துகொண்டாள். புரியவில்லை என்று காட்டிக்கொண்டால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயம். பாடம் எடுத்த மேடம் நல்லவர்தான். ஆனால் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரிப் பேசுவார். வார்த்தைகளின் வாலை எல்லாம் விழுங்கிவிடுவார். ஒரு நாள் பாடத்தின் நடுவே நிறுத்தி ஏதோ கேட்டார். தலையாட்டி வழக்கம்போல் தலையை ஆட்டினாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. மேடம் கேட்டது, "நான் பேசறது யாருக்காவது புரியலையா?"

மேடம் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாக நிதானமாகச் சொன்னார்: பாடத்தை ஃபோனில் பதிவு செய்துகொள்ளலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டாள். வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். மேடம் குடித்துவிட்டுப் பேசுவது போல் இருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் பதறிப்போனாள்.

"யாருடி அது? உடம்பு சரியில்லையா அந்தப் பொம்பளைக்கு?"

"எங்க மேடம், அண்ணி. பாடம் நடத்தறாங்க."

"நல்லாத்தான் நடத்தறாங்க போ!"

இந்த நாத்தனார், அவள் கணவனின் அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று தம்பி வீட்டோடு இருந்துவிட்டவள். இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் சாயங்காலமானால் டிவியில் இங்கிலீஷ் சமையல் போட்டிதான் பார்ப்பாள். முகத்தை வைத்தே கதை சொல்லிவிடுவாள். "இவன் கேக்கு கருகிடுச்சு. அந்த மொட்டைத்தலை திட்டப் போறான் பாரு." பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

தலையாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தாள். திரையின் கீழே ஓடும் எழுத்துகளைப் படித்துவிட்டு, "ஆமாம் அண்ணி, கருகிடுச்சுன்னுதான் சொல்றான்" என்பாள். இரண்டே நாளில் நாத்தனாருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"உன் எழுத்து என் கேக்கை மறைக்குது. அதை முதல்ல நிறுத்து."

எழுத்தை எப்படி நிறுத்துவது என்று இருவருக்கும் தெரியவில்லை. நாத்தனார் ஒரு துண்டை எடுத்து டிவியின் கீழ்ப்பாதியில் போட்டாள். கேக்கும் சேர்ந்து மறைந்தது. மடித்து மடித்து, எழுத்து மட்டும் மறையும்படி ஒரு வழியாகச் சரிசெய்தாள். அப்போதுதான் தலையாட்டிக்கு உறைத்தது. இத்தனை நாளாக அவள் டிவியைக் கேட்கவே இல்லை. படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு வீட்டில் காது வேலை செய்ய ஆரம்பித்தது. காலையில் அடுப்படியில் ரேடியோ செய்தி ஓடும். மணிக்கு ஒரு தடவை ஏறக்குறைய அதே செய்திதான். முதல் தடவை வெறும் சத்தம். அடுத்த தடவை ஊர்ப் பெயரும் எண்ணும் பிடிபடும். பாத்திரம் கழுவி முடிக்கிற நேரத்தில் எங்கோ பாலம் உடைந்ததும், யாருக்கும் அடிபடாததும் புரிந்துவிடும். புரிந்ததும் அந்த ஊர்க்காரர்களைவிட இவளுக்குத்தான் நிம்மதி.

இருந்தும் பருவத் தேர்வில், காதால் கேட்டு எழுதும் தாளில் தோற்றுப்போனாள். கணவனிடம் சொன்னபோது அழுகையை அடக்க முடியவில்லை. அவன் பஸ் டிரைவர். வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"எனக்கு இது வேணாங்க. கடைக்கே போயிடறேன். அங்க யாரும் என்கிட்ட பேச மாட்டாங்க."

"பஸ் ஓட்டிப் பழகும்போது கியர் மாத்தினா அது ஒரு சத்தம் போடும் பாரு. பின்னாடி உக்காந்திருந்த இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கிட்டாரு. இறங்கிடலாமான்னு இருந்துச்சு."

"அப்புறம்?"

"நடுரோட்டுல எப்படி இறங்கறது? ஓட்டினேன்."

அவளும் ஓட்டினாள். மறுதேர்வில் தட்டுத் தடுமாறித் தேறினாள்.

இரண்டாம் வருஷம், கல்லூரியின் கண் பரிசோதனை அறையில் நேரடிப் பயிற்சி தொடங்கியது. வருகிறவர்கள் டிவிக்காரர்களைப் போல் பேசுவார்களா என்ன? பல் இல்லாதவர்கள், இருமிக்கொண்டே பேசுகிறவர்கள், எங்கிருந்தோ வந்து குடியேறி வேறொரு ராகத்தில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள். அப்படி ஒரு நாள் வந்தவர் ஒரு வயதான தச்சர். படிக்கக் கண்ணாடி வேண்டும் என்றார். பேச்செல்லாம் மீசைக்குள்ளேயே நின்றுவிடும். நடுநடுவே தானே சிரித்துக்கொள்வார்.

அவர் ஏதோ முணுமுணுத்ததில் 'கர்ட்டன்' என்ற ஒரு சொல் அவளுக்குப் பிடிபட்டது. ஜன்னல் கர்ட்டன் தொந்தரவு செய்கிறது போலும் என்று எழுந்து போய் அதை ஒதுக்கிவிட்டாள். அவர் தலையை அசைத்து மறுபடியும் அதையே சொன்னார். ஓஹோ, வெளிச்சம் கூசுகிறது போல என்று இழுத்து மூடினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பழைய நாளாக இருந்தால் தானும் சிரித்து, தலையாட்டி, லென்ஸை மாட்டியிருப்பாள். அன்று ஏனோ மனசு கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"மன்னிச்சுக்குங்க சார், எனக்குப் புரியல. எந்தக் கர்ட்டன்? மெதுவா இன்னொரு தடவை சொல்லுங்க" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். மெதுவாகவே சொன்னார்.

"ஜன்னல்ல இல்லம்மா. என் கண்ணுல. நேத்து இந்தக் கண்ணுல மின்னல் மாதிரி வெட்டிச்சு. இன்னிக்குக் காலைலேருந்து ஓரமா ஒரு கர்ட்டன் இறங்கிக்கிட்டே வருது. வயசாச்சு, கண்ணாடி போட்டா சரியாப் போயிடும்னு வந்தேன்."

மின்னல், அப்புறம் திரை. பாடப் புத்தகத்தில் விழித்திரை பிரிவதைப் பற்றிய பக்கம் அப்படியே கண்முன் வந்து நின்றது. "அசையாம இருங்க சார்" என்று சொல்லிவிட்டு மேடத்தைக் கூப்பிட ஓடினாள். மேடம் கருவியை வைத்துப் பார்த்தார். அடுத்த நிமிஷமே கண் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டார். அன்று சாயங்காலமே தச்சருக்கு ஆபரேஷன் நடந்தது.

சில வாரம் கழித்து அவர் வந்தார். ஓரத்தில் கொஞ்சம் மங்கல் நின்றுவிட்டது, மற்றபடி பார்வை பிழைத்துக்கொண்டது. அவளிடம் நீளமாக ஏதோ சொன்னார். பாதி புரிந்தது. புரியாத மீதியை மறுபடி சொல்லச் சொன்னாள். அவரும் சலிக்காமல் சொன்னார்: தன் வீட்டு ஜன்னல் கர்ட்டனை எல்லாம் கழற்றிவிட்டாராம்.

இப்போது அவள் ஒரு கண் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். முன்னறையில்தான். ஃபோன் மணி அடித்தால் மட்டும் இன்னமும் கொஞ்சம் பயம். ஃபோனில் முகம் இல்லையே! பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறாள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

போன வாரம் விடுமுறை நாளில் கணவன் ஓட்டும் பஸ்ஸில், அவனுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, இயர்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு ஒரு இங்கிலீஷ் நகைச்சுவை நிகழ்ச்சி கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவள் சிரித்த பிறகுதான் அந்த நிகழ்ச்சியில் கூட்டம் சிரித்தது. பஸ் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

சிக்னலில் பஸ் நின்றபோது கணவன், "என்ன ஜோக்கு? எனக்கும் சொல்லேன்" என்றான்.

அவள் தமிழில் சொன்னாள். சொல்லச் சொல்ல அதில் இருந்த சிரிப்பெல்லாம் எங்கோ ஒழுகிப் போயிற்று.

"இதுக்கா அப்படிச் சிரிச்சே?"

"அங்க கேக்கும்போது நல்லாத்தாங்க இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள். பச்சை விழுந்தது.