என் ஆட்டக்காரனைப் பூட்டிவைக்க மாட்டேன்

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. பன்னிரண்டு வயதில் கரும்புக் காட்டில் வெட்டுக்கத்தி பிடித்தேன். இருந்தும் இருபத்தாறு வருஷமாக எல்லோரும் என்னை வாத்தியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் கால்பந்துப் பயிற்சியாளரை அப்படித்தான் கூப்பிடுவது. பேங்க் மேனேஜர்கூடத் தெருவில் பார்த்தால், "என்ன வாத்தியாரே, ஞாயித்துக்கிழமை ஜெயிச்சிருவோமா?" என்று நின்று கேட்பார். அந்த மரியாதையை யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. காலால் சம்பாதித்தது.

என் பெயர் ஒத்தோனியல். இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். பதினாலு வருஷம், ஒன்பது கிளப். என் முன்னால் வந்து நின்ற ஓரக்காரன், அதாவது கோட்டோரமாகப் பந்தை ஓட்டிவரும் எதிரணிக்காரன், எவனும் மறுவாரம் அந்தப் பக்கம் ஆடப் பிரியப்பட்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. காஜுவெய்ரா கிளப்பிலிருந்து என்னை ஏன் துரத்தினார்கள் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். குடித்தேன் என்கிறான் ஒருவன். எதிரணியிடம் விலைபோனேன் என்கிறான் இன்னொருவன். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் கிளப்புகளில் அடைப்பு என்று ஒரு பழக்கம். போட்டி ஞாயிறு என்றால், வெள்ளிக்கிழமையே ஆட்டக்காரர்களை மைதானத்துக்குப் பின்னால் உள்ள வீட்டில் போட்டு வெளியே பூட்டிவிடுவார்கள். வீட்டுக்குப் போனால் குடிப்பான், பெண்டாட்டியோடு படுப்பான், கால் தளர்ந்துவிடும் என்பது நிர்வாகிகளின் வைத்தியம். நானும் நூறு தடவை உள்ளே கிடந்து கொசு அடித்திருக்கிறேன்.

1971-இல் ஓர் இறுதிப் போட்டி. முடிய இரண்டே நிமிஷம் இருக்கும்போது நான் கோல் அடித்தேன். வாழ்நாளில் அடித்தது ஏழு, அதில் இதுதான் அழகு. என்னைத் தோளில் தூக்கிச் சுற்றினார்கள். மேலே உட்கார்ந்தே ஆடினேன், பாடினேன். குளித்துவிட்டு வந்த பிறகு ஒரு நிர்வாகி என் கையில் தந்தியைக் கொடுத்தார். சனிக்கிழமை வந்த தந்தி. என் அம்மா போய்விட்டாள். எங்கள் வெயிலில் ஒரு நாளுக்கு மேல் வைக்க முடியாது. நான் தோளில் ஆடிக்கொண்டிருந்தபோது அவளைப் புதைத்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

"முன்னாடியே குடுத்திருந்தா நீ ஆடியிருப்பியாப்பா?" என்றார் அந்த மனிதர். முகத்தில் துளி வெட்கமில்லை.

ஊருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து சத்தியம் செய்தேன். என் கைக்கு ஓர் அணி வந்தால் அங்கே பூட்டு இருக்காது. எவன் வீட்டுச் செய்தியும் இன்னொருவன் சட்டைப் பையில் கிடக்காது.

வந்தது. காஜுவெய்ராவில் பயிற்சியாளரான முதல் நாளே அந்த வீட்டுப் பூட்டைக் கழற்றிச் சமையல்காரி ஜுலெய்தியிடம் கொடுத்தேன். அவள் கோழிக்கூண்டுக்குப் போட்டுக்கொண்டாள்.

கிளப் தலைவர் டாக்டர் எவிலாசியோ. ஊசி போட்டவர் இல்லை, சர்க்கரை ஆலை வைத்தவர். எங்கள் பக்கம் பணக்காரன் என்றாலே டாக்டர்தான்.

"பூட்டு எங்கய்யா?"

"கோழிக்குப் போயிருச்சு, டாக்டர்."

"பயலுக ஊர் சுத்துவானுங்க."

"சுத்தட்டும். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வரணும். வர்றவன் ஆடுவான், வராதவன் வேடிக்கை பார்ப்பான்."

"தோத்தா?"

"என்னைத் துரத்துங்க. ஜெயிச்சா பூட்டப் பத்திப் பேசாதீங்க."

அந்த வருஷம் பதினெட்டு ஆட்டத்தில் தோற்றது இரண்டு. ஒரே ஒருவன் ஒரே ஒரு தடவை சாராய வாடையோடு வந்தான். அன்றைக்கு அவனைத் தண்ணீர் வாளி தூக்க வைத்தேன். அதோடு வாடை நின்றுபோனது.

கடைசி ஆட்டம் பக்கத்து ஊர் பார்ரா நோவாவோடு. ஜெயிப்பவர் மேல் பிரிவுக்குப் போவார். ஞாயிறு பதினோரு மணிக்கு அத்தனை பேரும் சோளப்புட்டும் உப்பிட்டுக் காயவைத்த மாட்டிறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுத் தடுப்பில் நிற்கும் ஜுசிமார் மூன்றாவது தட்டில் இருந்தான். அவன் நின்றால் எதிராளியின் தலைக்குப் பந்து எட்டாது.

ஆபீஸில் டெலிபோன் அடித்தது. நான் எடுத்தேன், டாக்டர் பக்கத்தில் நின்றார். பேசியது ஜுசிமாரின் அக்கா. அப்பா மேல் கரும்பு லாரி ஏறிவிட்டது, மகன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரப் பயணம்.

டாக்டர் கதவைச் சாத்தினார். "ஆட்டம் முடிஞ்சதும் சொல்லு. நானே என் கார்ல அனுப்பறேன். பெரியவர் அதுக்குள்ள எங்க போயிடப் போறாரு?"

"அதைப் பெரியவர்கிட்ட கேட்டீங்களா?"

"ஒத்தோனியல், அவன் இல்லாம தோத்துருவோம்."

"தோப்போம்."

"தோத்தா இந்த கேட்டுக்குள்ள நீ மறுபடி கால் வைக்க முடியாது."

"சரி. இப்பவே காரைக் குடுக்கறீங்களா, இல்லையா?"

கொடுக்கவில்லை. எனக்கு நாலு பிள்ளைகள், வாடகை வீடு. கதவுப் பிடியில் கை வைத்து ஒரு நொடி நின்றேன். ஒரு நொடிதான். திறந்துகொண்டு போய் ஜுசிமாரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவன் கையில் கரண்டியோடு கேட்டான். "ஆட்டம், வாத்தியாரே?"

"ஆட்டத்த நாங்க பார்த்துக்கறோம்டா. உங்கப்பா உன்னைக் கூப்பிடறாரு. கிளம்பு."

"எங்க வீட்டுக்காரர் ரொட்டி வண்டி வெளிய நிக்குது," என்றாள் ஜுலெய்தி. "வழியில ஒரு ரொட்டி வித்தாருன்னு தெரிஞ்சா அவருக்கு வீட்டுல சோறு கிடையாது. ஏறு தம்பி!"

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். இரண்டு கோலும் தலையால் அடித்தவை, இரண்டும் ஜுசிமார் நிற்கவேண்டிய இடத்தில். கூட்டம் ஆரஞ்சுத் தோலை என் மேல் வீசியது. டாக்டரின் ஆள் வந்து, "சாவியக் குடுத்துட்டுப் போகச் சொன்னாரு" என்றான். "எங்கிட்ட ஏதுடா சாவி? பூட்டே இல்லையே!" என்றேன். பின்வாசல் வழியாகப் போகச் சொன்னார்கள். முன்வாசல் வழியாகத்தான் போனேன், மெதுவாக.

ஜுசிமாரின் அப்பா செவ்வாய்க்கிழமைவரை இருந்தார். மகனை அடையாளம் தெரிந்தது. "ஆட்டம் என்னாச்சுடா?" என்று கேட்டாராம். "ஜெயிச்சோம்ப்பா" என்றானாம். செய்தியை மறைப்பவனை நான் மன்னிப்பதில்லை. அவனை மன்னித்தேன்.

பார்ரா நோவாவின் பயிற்சியாளர் அந்த மாதமே பெரிய நகரத்துக்குப் போய்விட்டார். என்னைக் கேட்டு இரண்டு நிர்வாகிகள் வந்தார்கள்.

"அடைப்பு வீடு இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு வாத்தியாரே. புதுப் பூட்டு!"

"அதைக் கழட்டிட்டு வாங்க, பேசலாம்."

கழற்றினார்கள். நான் கூப்பிடாமலே ஜுசிமார் பின்னாலேயே வந்தான். மறுவருஷம் கோப்பைப் போட்டியில் காஜுவெய்ரா எங்கள் மைதானத்துக்கு வந்தது. டாக்டர் தன் பையன்களை வியாழக்கிழமையே பூட்டிவைத்திருந்தாராம். எங்கள் பையன்கள் அவரவர் வீட்டிலிருந்து வந்தார்கள். மூன்றுக்குப் பூஜ்யம். முதல் கோல் ஜுசிமார், தலையால்.