துவைக்கிற கல்லுக்குச் சுற்றிய மிளகாய்

வடிவு வளர்த்த ஊசிமிளகாய் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம். ஆனால் அதில் ஒன்றைக் கிள்ளிப் போட்ட குழம்பை ருசி பார்த்தால், போன மாதத்துச் சளியும் சேர்ந்து இறங்கிவிடும். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுங்கள்; மீதிக் காரமே உங்களுக்குப் போதும்.

வடிவு, தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரி. கணவர் அய்யாவுக்கு மைசூரில் ஆலை வேலை கிடைத்ததால், 1993இல் கெம்பம்மா வீட்டுப் பின்கட்டு அறைக்குக் குடிவந்தாள். மாதேஸ்வரன் மலைக் கடையில் வாங்கிய ஒரு பிடி வற்றலும் கூடவே வந்தது. விதையைச் சாம்பலில் புரட்டி, மொட்டைமாடியில் ஓட்டை வாளிகளிலும் பெயிண்ட் டப்பாக்களிலும் போட்டாள். இரண்டு வருடத்தில் பதினோரு செடி. ராகிக்களியானாலும் தயிர்ச்சோறானாலும், பச்சையாக ஒன்றைக் கடித்து, கண்ணில் நீர் வழிய நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் அவளுக்குச் சாப்பிட்ட மாதிரி.

அந்த மாசியில் கெம்பம்மாவின் பசு பாலைக் குறைத்தது. மிளகாயும் உப்பும் எடுத்து மாட்டுக்குச் சுற்றி அடுப்பில் போட்டார் கெம்பம்மா. நெடி வந்தால் கண்ணேறு இல்லை. வராவிட்டால் பலமான கண். மூன்று நாள் சுற்றினார். ஒரு தும்மல்கூட வரவில்லை.

தினமும் மாடியிலிருந்து தொழுவத்தைப் பார்ப்பது யார்? செடிக்குத் தண்ணீர் விடும் வடிவுதான்.

"ஏனம்மா வடிவு, தினா மேலே நின்னு என் பசுவையே பாக்கறே. சோமவாரத்துக்குள்ளே அந்தச் செடியெல்லாம் எடுத்து வீசிடு, இல்லேன்னா வீடு காலி பண்ணு" என்றார் கெம்பம்மா, தமக்குத் தெரிந்த தமிழில்.

"எறக்கிப்போடலாம் புள்ள. வேற ஊடு தேடி யாரு அலையறது?" என்றார் அய்யாவு.

"செடியும் போவாது, நானும் போவ மாட்டேன்" என்றாள் வடிவு. சொன்ன கையோடு கெம்பம்மாவின் சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"கெம்பக்கா, சுத்துன மொளகாயக் கொஞ்சம் காட்டுங்க."

டப்பா வந்தது. சுருங்கிப்போன செக்கச்சிவந்த மிளகாய். வடிவு ஒன்றை எடுத்து அப்பளம்போல் நொறுக்கித் தின்றாள்.

"இது பேடகி மொளகாய்ங்கக்கா. நெறத்துக்குப் போடறது. இதுல எங்கிருந்து நெடி வரும்?"

"சும்மா இரு. உன் கண்ணு பலம், அதனாலே நெடி வரலே."

"அப்படியா? இதையே எடுத்துத் துவைக்கிற கல்லுக்குச் சுத்துங்க. அதுக்கு ஆரு கண்ணு வெக்கப் போறாங்க?"

கெம்பம்மா முறைத்தார். ஆனாலும் சுற்றினார். பழைய துவைகல்லுக்கு மூன்று சுற்று, நெருப்பில் ஒரு கை. அடுப்பு சமர்த்தாக எரிந்தது. நெடி இல்லை.

"கல்லு மேலயும் என்ற கண்ணாக்கா?"

வடிவு மடியிலிருந்து தன் வற்றலில் மூன்றை எடுத்துக் கொடுத்தாள். "இப்ப மாட்டுக்குச் சுத்துங்க."

சுற்றிப் போட்டதுதான் தாமதம், கெம்பம்மா இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார். அடுத்த வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. தபால்காரர் கடிதங்களை வேலியில் செருகிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். பசு தும்மிய தும்மலில் அதன் கழுத்து மணி பதினைந்து மைல் தள்ளியிருக்கும் நஞ்சன்கூட்டுக்குக் கேட்டதாம். எங்கள் தெருக் கொசுக்கள் அன்று கிளம்பிப் போனவை, மழைக்காலம்வரை திரும்பவில்லை.

வடிவு மட்டும் அடுப்படியில் அசையாமல் நின்றாள், கண் சிவந்து. "நெடி வந்துச்சுங்களா கெம்பக்கா?"

கெம்பம்மா தெருவிலிருந்து எட்டிப் பார்த்தார். முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு, வந்தது வந்தது என்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலையில் மாடிப்படியில் காலடிச் சத்தம். வடிவு செடிகளுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். கெம்பம்மா மூச்சு வாங்க ஏறி வந்தார், இடுப்பில் அடி ஓட்டையான வாளி, அது நிறையச் சாணி எரு.

"இதிலே எனக்கு ஒண்ணு வெச்சுக் குடு" என்றார். "எல்லாம் மாட்டுக்காகத்தான். எனக்குக் காரம் ஆகாது."

பன்னிரண்டாவது செடி அப்படித்தான் முளைத்தது. காய்க்கத் தொடங்கியதும் அதில் பாதியைத் தயிர்ச்சோற்றோடு கடித்துத் தீர்த்தது பசு அல்ல.