சுவர்ப் பக்கத்துக் கைதட்டல்

மகளுக்கு வாங்கிய புதுக் கூடைப்பந்தின் ரப்பர் வாசனை கையெல்லாம் ஒட்டியிருந்தது. அதனால்தானோ என்னவோ, பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து மறைத்திருந்த இடத்தைத் தாண்டும்போது, அதற்குள்தான் எங்கள் ஆரம்பப் பள்ளி மைதானம் இருந்தது என்பது நினைவுக்கு வந்தது.

மூன்றாம் வகுப்பில் பி.டி. மிஸ் சுவர்ப் பக்கம் மட்டும் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, எங்கள் ஏழு பேரையும் வட்டமாக நிறுத்துவார். பந்து வைத்திருப்பவள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், மற்றவர்களில் ஒருத்தி ஒரே ஒரு முறை கை தட்டுவாள், எனக்குப் போடு என்று அதற்கு அர்த்தம், சத்தம் வந்த திசைக்கு நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் தள்ளிவிட்டால், சின்ன உள்ளங்கைகளில் பந்து ‘தப்’பென்று உட்காரும்.

“செவுத்துப் பக்கம் கை தட்டுனா மட்டும் போடாதீங்க” என்பார் மிஸ், தினமும், ஷூ லேஸைக் கட்டச் சொல்வது போல.

“அங்க யாரு மிஸ் கீறா?” என்று ரஹ்மத் ஒருநாள் கேட்டாள். மிஸ் விசிலை ஊதிவிட்டார்.

அந்தப் பக்கத்திலிருந்தும் தட்டல் வரும். கண்ணைத் திறந்தால் காரை பெயர்ந்த சுவர் மட்டும் இருக்கும். நாங்கள் ஒருமுறைகூடப் போட்டதில்லை. ஆட்டத்தின் விதி, அவ்வளவுதான்.

இன்று, பட்டப்பகலில், தகரத்துக்கு உள்ளேயிருந்து ஒரே ஒரு கைதட்டல் கேட்டது.

எத்தனை வருஷமாகப் பந்தைக் கேட்டுக்கொண்டே நிற்கிறது, பாவம். கண்ணை மூடிக்கொண்டு, தகரத்துக்கு மேலாக, இரண்டு கையாலும் போட்டேன்.

‘தப்’.